மாலை போட்ட படம்

தைப்பூசத்துக்கு நடந்துபோன ஆலை முதலாளி சென்னியப்பனுக்குக் கால் கொப்பளித்திருந்தது. வழியில் மண்டபமெல்லாம் நிரம்பி வழிந்தாலும் அவர் கவலைப்படவில்லை. அடுத்த ஊர் மண்டபத்தைக் கட்டிக்கொடுத்ததே அவர்தான். போய்ப் பார்த்தால் அங்கேயும் வாசற்படி வரை ஆட்கள் படுத்திருந்தார்கள்.

“இது நான் கட்டுன மண்டபமுங்க,” என்று சுவரிலிருந்த தன் படத்தைக் காட்டினார். தாடியும் பச்சை வேட்டியுமாக நின்றவரை, சஃபாரி போட்ட படத்தோடு யார் சேர்த்துப் பார்ப்பார்கள்? போதாக்குறைக்கு, மரியாதையாக இருக்கட்டுமென்று அவரே வாங்கி அனுப்பிய சந்தன மாலை படத்தில் தொங்கியது. கீழே சிவப்பு பல்பு வேறு.

“அவரு போய்ச் சேந்துட்டாருங்க சாமி. மாலை போட்டிருக்குது பாருங்க,” என்றார் ஓரத்தில் படுத்திருந்த வாழைக்காய் வியாபாரி. பிறகு பாவம் பார்த்து, ஒருக்களித்துக் கொஞ்சம் இடம் விட்டார். “படுக்கறதுக்கு முந்தி அவருக்கு ஒரு கும்பிடு போட்டுருங்க. நாங்கெல்லாம் போட்டுட்டுத்தான் படுத்தோம்.”

கால் விண்விண்ணென்று தெறித்தது. சென்னியப்பன் துண்டை இடுப்பில் கட்டி, தன் படத்தைப் பார்த்துக் கைகுவித்தார்.

“நல்ல மனுசனுங்க,” என்றார் வியாபாரி, கண்ணை மூடிக்கொண்டு. “கக்கூசு மட்டும் இன்னும் ரெண்டு கட்டிப்போட்டுப் போயிருக்கலாம்.”