சாமான்களோடு வாடகைக்கு

“இவங்கதான் மேடம் சமையலுக்கு. பின்கட்டு ரூம்லயே இருந்துக்குவாங்க” என்றான் புரோக்கர் ரகு.

ஜானகியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கும்பிட்டாள். இவர்களும் வேண்டாமென்று போய்விட்டால், அரக்கோணத்தில் தம்பி மகன் வீட்டு ஹாலில் ஒரு மூலைதான் அவளுக்கு.

வந்திருந்தவள் பெயர் அருணா. கணவனுக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் மேனேஜர் வேலை. கடம்பத்தூரில் இப்படி ஒரு வீடு கிடைக்குமென்று அவள் நினைக்கவே இல்லை போல. தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்தாள், ஏசியைப் போட்டுப் பார்த்தாள்.

“தாத்தா காலத்து ஊடு மேடம். ஆனா கீசரு, இன்வெர்ட்டரு, மாடுலர் கிச்சனு, இன்னா இல்ல சொல்லுங்க? ஒரே புள்ள, ஆஸ்திரேலியால இருக்காரு. அவரு வந்து தங்குவாருன்னு லோன் போட்டுப் பண்ணது. வரவேல்ல. வாடகை வந்தாதான் லோன் கட்ட முடியும்.”

“அதெல்லாம் சரி. ஓனர் கூடவே இருந்து உயிரை வாங்க மாட்டாங்கல்ல? போன வீட்ல ஒரு ஆணி அடிக்க விடலை.”

“அந்தப் பேஜாரே கெடையாது மேடம். ஆணி இன்னா, ஆணிக்கடையே வெச்சுக்குங்க.”

படுக்கையறையில் பெரிய ஈட்டிமரக் கட்டில். அருணா மெத்தையை அழுத்திப் பார்த்து முகம் சுளித்தாள். “யாரோ படுத்தது. இதைத் தூக்கிப் போட்டுடலாமா?”

“போட்டுடலாம்மா” என்று ஜானகியம்மாளே ஒரு முனையைப் பிடித்தாள். பெரியவர் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்த மெத்தை. அவருக்கு எல்லாம் செய்தவள் அவள்தான். தூக்கும்போது அழுது தொலைத்துவிடுவோமோ என்று பயந்திருந்தாள். அழுகை வரவில்லை. அவர் போனதிலிருந்து எதுவுமே வருவதில்லை, பசிகூட.

பிறகு காபி போட்டுக்கொண்டு வந்து நீட்டினாள்.

“சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?” என்றாள் அருணா.

ஜானகியம்மாள் திருதிருவென விழித்தாள். ரகுவும் அவளும் எல்லாவற்றையும் பேசி வைத்திருந்தார்கள், இதைத் தவிர. இந்த அடுப்படியில் வெந்த இத்தனை வருஷத்தில் சம்பளம் என்று ஒருவரும் அவளைக் கேட்டதில்லை.

“நீங்களா பாத்துக் குடுங்க மேடம்” என்று ரகுதான் சமாளித்தான்.

அருணா ஒரு வாய் குடித்தாள். டம்ளர் காலியான பிறகுதான் நிமிர்ந்தாள். மோட்டாரையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துவிட்டு வந்த கணவனிடம் தலையாட்டினாள்.

காரில் ஏறப்போனவள் திரும்பி வந்தாள்.

“ரகு, வீடு ஓகே. ஒரே ஒரு கண்டிஷன். இந்தம்மாவை மட்டும் இங்கேருந்து அனுப்பிடக் கூடாதுன்னு ஓனர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க.”

“சொல்லிட்றேன் மேடம்.”

கார் ஸ்டேஷன் ரோட்டில் திரும்பும் வரை இருவரும் கேட்டருகே நின்றார்கள். ஜானகியம்மாளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

ரகு கேட்டைச் சாத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“காதுல வுழுந்துச்சா, ஓனரம்மா?”