நடுவில் வளைந்த கோடு

"தாளை மாத்திட்டியாம்மா?" என்று கேட்டார் டைல்ஸ் மேஸ்திரி.

"அதே தாள்தாங்க ஐயா," என்றாள் கண் பரிசோதிக்கும் பெண்.

குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட தாள். நடுவில் ஒரு புள்ளி. சுவரில் டைல்ஸ் ஒட்டியது போலச் சின்னச் சின்னச் சதுரங்கள். வலது கண்ணை மறைத்துப் பார்த்தபோது எல்லாம் நூல் பிடித்தாற்போல இருந்தன. இப்போது இடது கண்ணை மூடச் சொன்னாள். புள்ளியைச் சுற்றி நாலு கோடுகள் பாம்பாக நெளிந்தன.

இத்தனைக்கும் மனுஷர் கண்ணைக் காட்ட வந்தவரே இல்லை. மனைவிக்குக் கண்ணாடி போடக் கூட்டிவந்தார். "வந்தது வந்தீங்க, நீங்களும் பாத்துடுங்களேன்," என்று உள்ளே தள்ளிவிட்டவள் அவள்தான்.

மேஸ்திரியின் உடம்பு ரப்பர். ஐம்பத்தெட்டு வயதிலும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் நாலாக மடிந்து உட்கார்ந்து வேலை பார்ப்பார். உடம்பு எப்படி வேண்டுமானாலும் வளையும். வாய்தான் வளையாது. யார் வீட்டுக்குப் போனாலும் குடிக்கத் தண்ணீர் வருவதற்குள் இடது கண்ணை இறுக்கி மூடி, ஒற்றைக் கண்ணால் சுவரை ஒரு நோட்டம் விட்டு, "எந்தப் புண்ணியவான் ஒட்டுனது?" என்பார். தெருவில் பாதிப் பேர் அவரைக் கூடத்தோடு நிறுத்திவிடுவார்கள். குளியலறைப் பக்கம் விடுவதே இல்லை.

அப்பேர்ப்பட்டவர் ஆறு வாரமாக ஒரு சமையலறைச் சுவரோடு மல்லுக்கட்டினார்.

ஒட்டுவார். தள்ளி நின்று, வழக்கம்போல இடது கண்ணை மூடிப் பார்ப்பார். வரிசை நடுவில் தொய்ந்திருக்கும். உடைப்பார். மறுபடி ஒட்டுவார். மறுபடி தொய்யும்.

கூட வேலை செய்யும் கூட்டாளி, வரிசையின் மேல் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. வரிசை நேர் என்று அர்த்தம்.

"குமிழிக்கு என்னய்யா தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் புது ரசமட்டம் வாங்கிவந்தார். அந்தக் குமிழியும் நடுவிலேயே நின்று தொலைத்தது.

மூன்றாம் முறை உடைத்த அன்று சிமென்ட் பூசும் கரணையைக் கழுவித் துடைத்து, சாக்கில் சுற்றிப் பரணில் போட்டார். கேட்டவர்களிடம் முதுகுவலி என்றார். முதுகுவலிக்காரர் பரணுக்கு எப்படி ஏறினாராம்? தெரு சும்மா இருக்குமா? கூட்டாளியோடு தகராறு என்றார்கள். பெரிய வேலை எதுவோ கை நழுவிவிட்டது என்றார்கள். ஆளுக்கு ஒன்று.

தன் கை போய்விட்டது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கட்டின மனைவியிடம்கூட.

முப்பத்தைந்து வருஷம் சோறு போட்ட கை. மொட்டைமாடியில் தனியாக நின்று அதை நீட்டி நீட்டிப் பார்ப்பார். நடுங்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நடுங்காமலே கோணல் பண்ணுகிற கைக்கு எந்த டாக்டரிடம் போய் மருந்து கேட்பது?

"ஐயா, கோடெல்லாம் எப்படித் தெரியுது?" என்று கேட்டாள் கண் பரிசோதிக்கும் பெண்.

அவர் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். நேர். கையை எடுத்துவிட்டு இடது கண்ணை மூடினார். நெளிவு. மறுபடி பொத்தினார். நேர்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. இந்தத் தாள்ல கோடு நேராத்தானே இருக்கு?"

"நேராத்தான் இருக்கு. வளைஞ்சு தெரிஞ்சா உங்க கண்ணுலதான் ஏதோ..."

மேஸ்திரி சிரித்த சிரிப்பு வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

அந்தப் பெண் எத்தனையோ பேரிடம் அந்தத் தாளைக் காட்டியிருக்கிறாள். கோடு வளைகிறது என்றவர்கள் வெலவெலத்துப் போயிருக்கிறார்கள். அழுதவர்களும் உண்டு. எழுந்து நின்று கும்பிட்டவர் இவர் ஒருவர்தான்.

வலது கண்ணின் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது, ஊசி போட்டால் வடியும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிரமம், இடது கண் பத்தரைமாற்றுத் தங்கம் என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். இவர் காதில் விழுந்தது கடைசி மட்டும்தான்.

ஊசிக்குக் காத்திருந்த பெஞ்சில் மனைவியின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். எல்லாவற்றையும் கொட்டினார்.

"பாத்தியா? கையில ஒரு குறையும் இல்ல."

"கண்ணாஸ்பத்திரிக்கு வந்து, கை நல்லாருக்குன்னு குதிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்," என்றாள் அவள். சொல்லிக்கொண்டே அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

அவருக்கு அதற்குள் அடுத்த கவலை. இனிமேல் சுவரை இடது கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். அதற்கு வலது கண்ணை மட்டும் மூடப் பழக வேண்டும். அங்கேயே ஆரம்பித்துவிட்டார். கன்னம் கோணியது, உதடு இழுத்துக்கொண்டது, கண் மூடி மூடித் திறந்தது.

எதிர் பெஞ்சில் இருந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்தாள்.

"முப்பது வருஷத்துல எனக்கு ஒரு தடவை கண்ணடிச்சிருப்பீங்களா?" என்றாள் மனைவி.

மேஸ்திரி அவள் பக்கம் திரும்பி முயன்று பார்த்தார்.

இரண்டு கண்களும் சேர்ந்தே மூடின.