முதுகில் முட்டும் நாற்காலிகள்

எங்கள் மாதா கோவிலில் பீடத்துக்குப் பூ வைக்கிற செசிரா, போன தவக்காலத்தில் சொன்னது இது. பிரெசியா நகருக்கு மேலே, பித்தளைப் பட்டறைகள் நிறைந்த மலையூரில், அவள் பக்கத்து வீட்டில் நடந்ததாம்.

பித்தளைப் பட்டறைக்காரர் அத்திலியோ இறந்த மறு மாதமே, அவர் செய்த நாற்காலிகளை உருக்கப் போட மகள் மிரெல்லா ஆள் கூட்டி வந்துவிட்டாள்.

ஆறு பித்தளை நாற்காலிகள். உட்காருமிடம் வழுவழுவென்று இருக்கும். சாய்மானத்தில் மட்டும் மேடும் பள்ளமும். அந்தக் காலத்தில் மிலானிலிருந்து வந்த கடைக்காரர், “கண்ணுக்கு லட்சணமாக இல்லையே” என்று வேண்டாமென்று போய்விட்டார். அத்திலியோ சிரித்துக்கொண்டாராம்.

பழைய உலோகம் வாங்கும் தூலியோ, வாசலுக்கு இழுத்த ஒன்றில் சாய்ந்து பார்த்து நெளிந்தான்.

“யாரோ பின்னால நின்னு முட்டுற மாதிரி இருக்கு அக்கா. உங்கப்பா நாற்காலி செஞ்சாரா, தண்டனை செஞ்சாரா?”

“மனுஷங்களைவிட அதுங்கதான் அவருக்கு உசத்தி. சாப்பிடும்போது என் முகத்தையே வெறிச்சுப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசாம பட்டறைக்கு எழுந்து போயிடுவார். நீ வண்டியைத் திருப்பு, மிச்சத்தை எடுத்துட்டு வரேன்.”

உள்ளறையின் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பட்டப்பகலில் கும்மிருட்டு. பார்வையில்லாத அம்மாவுக்கு வெளிச்சம் எதற்கு?

இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“மிரி, கன்னம் ஒட்டிப்போச்சேடி. பள்ளிக்கூடத்துல ஒழுங்கா சாப்பிடறதில்லையா?”

மிரெல்லா கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா, நான் இங்க கதவுகிட்ட நிக்கறேன். யார்கிட்ட பேசறே?”

“தெரியும். நீ பெரியவ. இவளுக்குப் பத்து வயசு.”

“யாருக்கு?”

“சத்தம் போடாதே. அந்தக் கோடியில இருக்கறவ இன்னும் சின்னவ. பயந்துக்குவா.”

மிரெல்லா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? தட்டுத்தடுமாறிப் போய், அவளை எழுப்பக் கையை நீட்டினாள். கை நாற்காலியின் சாய்மானத்தில் பட்டது.

நெற்றி. கண்குழி. சின்ன மூக்கு. இடது புருவத்தில் ஒரு வெட்டு.

அவளுடைய இன்னொரு கை தானாக எழுந்து, தன் புருவத்துத் தழும்பைத் தடவியது.

“இது… நானா?”

“எட்டு வயசுல, சிநேகிதிங்க முன்னால உன் முகத்தைத் தடவிட்டேன்னு என் கையைத் தட்டிவிட்டே. அப்புறம் நீ முகத்தைக் கொடுக்கவேயில்லை. உங்கப்பாதான் உன்னைப் பார்த்துப் பார்த்து, வருஷத்துக்கு ஒண்ணா எனக்குச் செஞ்சு கொடுத்தார். நீ படிக்க வெளியூர் போற வரைக்கும்.”

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

“தூலியோ!” மிரெல்லா வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். “வெளியில இருக்கறவளை உள்ளே தூக்கிட்டு வா. மெதுவா!”

அம்மா முணுமுணுத்தாள்: “இனிமே செய்ய அவரும் இல்லை. இப்போ உன் முகம் எப்படி இருக்குன்னே எனக்குத் தெரியலை, மிரி.”

மிரெல்லா அவள் காலடியில் மண்டியிட்டாள்.

படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டில் யாராவது உங்கள் முகத்தைத் தொட வந்தால், கொஞ்சம் குனிந்து கொடுங்கள்.