வாட்சைக் கழட்டு

குமரேசன் அந்தக் கதைக்கு வந்துவிட்டான்.

பக்கத்தில் அவன் மனைவி புடவைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

மேஜை நடுவே எபிநேசரின் செல்போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. கல்லூரி நாட்களில் ஒன்றாக உட்கார்ந்து தமிழ் மென்பொருள் எழுதிய கூட்டம். அவளும் அதில் ஒருத்தி. இப்போது பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. அந்தக் காலத்தில் சொல்லிச் சிரித்த கதைகளை மறந்துபோவதற்குள் சேகரித்துக் குழுவின் தளத்தில் ஏற்றிவிட வேண்டும். அதற்காகக் காலையிலிருந்தே மதுரையில் ஒரு ஹோட்டல் அறையில் கூடியிருக்கிறார்கள்.

விதி ஒன்றுதான். கதை தவறினால், அன்று கூட இருந்தவர் மேஜையைத் தட்டி 'பேட்ச்' என்று சொல்லித் திருத்தலாம்.

இல்லாதவர் தட்டக் கூடாது.

யாரும் தட்டாவிட்டால், சொன்னதுதான் கதை.

பிழை பிடிபடாதபோதெல்லாம் இந்தக் குழுவில் 'வாட்சைக் கழட்டு' என்பார்கள். ஏன் என்று தெரியாமலே புதிதாகச் சேர்ந்தவர்களும் சொல்கிறார்கள். அந்தக் காரணத்தைத்தான் குமரேசன் சொல்லிக்கொண்டிருந்தான்.

யார் தட்டச்சு செய்தாலும் ஒழுங்காக ஓடிய மென்பொருள், அவன் உட்கார்ந்தால் மட்டும் பட்டென்று மூடிக்கொண்டது. எல்லோரும் வரி வரியாக அலசினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் எழுந்து வந்தாள். அவன் இடது கையைப் பிடித்துத் தூக்கினாள். வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

அதன் தடித்த ஸ்டீல் பட்டைதான் இத்தனை நாளும் கீபோர்டின் கன்ட்ரோல் விசையை அழுத்தி மென்பொருளை மூட வைத்துக்கொண்டிருந்தது.

"நீங்க எல்லாரும் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டிருந்தீங்கடா. இவ ஒருத்திதான் என்னையப் பாத்தா."

மனைவியின் தோளில் கை வைத்தான்.

"அன்னைக்கே விழுந்துட்டான்யா," என்றார் எபிநேசர்.

ஆனால் அன்று அவன் மனைவி திண்டுக்கல்லில், மஞ்சள் காமாலையோடு படுத்துக் கிடந்தாள்.

வாட்சைக் கழற்றியவள் செங்கமலம்.

எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக.

குமரேசன் பொய் சொல்கிறவன் இல்லை. அவனுக்கு அப்படித்தான் ஞாபகம். சொந்தக்காரர்களிடம் சொல்லும்போதெல்லாம் மனைவியும் கூடச் சிரித்திருக்கிறாள். அங்கே செங்கமலம் இருந்ததில்லை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனுக்கு என்னென்னவோ செய்திருக்கிறாள். வேலை போய் அவன் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது ஒரு கேள்வி கேட்காமல் குடும்பத்தை நடத்தியிருக்கிறாள். அவன் அம்மாவைக் குளிப்பாட்டி விட்டிருக்கிறாள்.

அதையெல்லாம் அவன் யாருக்கும் கதையாகச் சொன்னதில்லை.

"பேட்ச் இருக்கா?" எபிநேசர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

செங்கமலம் தட்டவில்லை. குமரேசனின் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள்.

பரவாயில்லை, நீயே வைத்துக்கொள் என்பதுபோல.

அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் தட்டினாள்.

"சொல்லு தாயி. வீட்டுலதான் நீ திருத்துறேன்னு பாத்தா, இங்கயுமா?" என்றான் குமரேசன்.

உண்மையைச் சொல்லத்தான் தட்டினாள். வாயைத் திறந்தபோது குமரேசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கதை சொல்லும்போது மட்டும் அவன் கண்ணில் வருகிற பார்வை.

"பேட்ச். வாட்ச மேஜைல வைக்கல. என் கையில கட்டிக்கிட்டேன்."

அறையே ஓவென்று சத்தம் போட்டது. யாரோ விசிலடித்தார்கள்.

"ஆமால்ல," என்றான் குமரேசன். அந்த நிமிஷமே அவனுக்கு அது ஞாபகம் வந்துவிட்டது.

எதிரே சிரிப்பு நின்றுபோயிருந்தது.

செங்கமலம் பாட்டிலைக் கீழே வைத்தாள். விரலை மடக்கினாள். மடக்கிய விரல் மேஜைக்கு மேலே சற்று நேரம் அப்படியே நின்றது.

பிறகு தட்டினாள். மெதுவாக.

"பேட்ச். மேஜை மேலதான் வச்சது."

குமரேசன் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது ஆச்சரியம் மட்டுமே.

"அன்னைக்கு நீயும் இருந்தியா, செங்கமலம்?"

செங்கமலம் அவனைப் பார்க்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் வேறொருத்தி என்பதுபோல, அவன் மனைவியைப் பார்த்தாள்.