கீரி செய்த போணி

மூன்று குன்றுகளுக்கும் ஒரே பணம்தான், மஞ்சாடி விதை. மேற்குக் குன்று முயல்கள் வாங்கிய கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்ததும், விதை இனிச் செல்லாது என்று பேச்சு கிளம்பிவிட்டது. மூன்று நாளாகச் சந்தையில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை.

தலைவர் கீரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று காலைகூட, எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டிலிருந்த விதையையெல்லாம் எலிகளிடம் சத்தமில்லாமல் கொடுத்து, வேர்க்கடலையாக மாற்றி மடியில் கட்டிக்கொண்டுதான் கூட்டத்துக்குக் கிளம்பியது.

பாறைமேல் ஏறியதும் குரல் மட்டும் கணீரென்று வந்தது. "என் தலையை அடகு வைத்தாவது மஞ்சாடியைக் காப்பாற்றுவேன். என் வீட்டிலும் இருப்பது மஞ்சாடிதான். பயப்படாமல் கடையைத் திறங்கள்."

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. நாவல்பழம் விற்கும் அணில் முதல் ஆளாகக் கூடையைப் பிரித்தது.

"நீங்க சொன்னா சரிதாங்க தலைவரே. உங்க கையாலயே முதல் போணி ஆகட்டும். பழம் ஒண்ணு ஒரு விதை."

போணி என்று ஒன்று இருப்பதே கீரிக்கு மறந்து போயிருந்தது. மடியை இடது பக்கம் தடவியது, வலது பக்கம் தடவியது, மறுபடியும் இடது பக்கம் தடவியது. மொத்தச் சந்தையும் அதன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு வேர்க்கடலையை எடுத்து நீட்டியது.

அணில் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "பழம் ஒண்ணு ஒரு கடலை" என்று கூவ ஆரம்பித்தது.