நல்ல பிரேக்

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மோட்டாருக்கு டிரைவராவதற்கு முன் வீரபத்திரன் மாட்டுவண்டி ஓட்டியவன். கை மோட்டாருக்குப் பழகிவிட்டது. வாய்தான் இன்னும் மாட்டுவண்டியிலேயே இருந்தது.

பசறை மலை இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பினால், நடுரோட்டில் மாட்டுவண்டி. வண்டிக்காரன் ராக்கன் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தான்.

பிரேக் என்று ஒன்று இருப்பதே வீரபத்திரனுக்கு மறந்துபோயிற்று. ஸ்டியரிங்கை மாட்டுக்கயிறு மாதிரி நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, "ஹோ... ஹோ! ஒதுங்குடா, ஒதுங்கு!" என்று அலறினான்.

கண்ணை மூடிக்கொண்டான். மோதவில்லை. மோட்டார், மாட்டுவண்டியை மயிரிழையில் தாண்டிப்போய், தேயிலைச் செடிக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

துரை தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். "சபாஷ் வீரபத்திரன்! நல்ல பிரேக் போட்டாய். உயிர் தப்பினோம்."

"ஆமாங்க தொரே" என்றான் வீரபத்திரன்.

அதற்குள் ராக்கன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணே, உங்க சத்தத்துலதான் நானே முழிச்சேன். அதுக்குள்ள மாடு ரெண்டும் தானா ஓரத்துக்குப் போயிருச்சு. நீங்க எனக்கு வித்து ஒரு மாசமாகியும் உங்க பேச்சத்தாண்ணே கேக்குதுங்க!"

துரைக்கு இவ்வளவு நன்றாகத் தமிழ் தெரிந்திருக்க வேண்டாம் என்று வீரபத்திரனுக்குத் தோன்றியது.