கேற்றடியில் நின்ற ட்ரெயிலர்

"அப்பா, இது கேற்றால போகாது!"

ட்ரெயிலரின் மூக்கைப் பிடித்தபடி சசிகரன் கத்தினான். சில்லுகள் இரண்டும் கேற்றின் சீமெந்துத் தூண்களில் முட்டிக்கொண்டு நின்றன. மேலே, பட்டி போட்டு இறுக்கிக் கட்டிய புது ஜெட் ஸ்கீ இன்னும் கடலைக் காணாமல் வெயிலில் பளபளத்தது.

தியாகலிங்கம் ஆறுதலாக வந்து பார்த்தார். பஸ் டிப்போவில் காலமெல்லாம் ஸ்பானர் பிடித்து ஓய்வு பெற்ற மனிதர்.

"ஓமடா, போகாது போலதான் கிடக்கு."

"போலவோ? பூட்ட முதல் அளந்து பாக்கேல்லையே?"

அதுதான் சசிகரனுக்கு விளங்கவில்லை. பெட்டியில் துண்டு துண்டாக வந்த ட்ரெயிலரைப் பொருத்திப் பூட்டியது அப்பாதான். ஒவ்வொரு நட்டையும் இறுக்கி, விட்டுவிட்டுத் திரும்பவும் இறுக்கினார். பாரம் பின்னுக்கு விழுந்தால் றோட்டில் வாலாட்டும் என்று சொல்லி, ஜெட் ஸ்கீயை அங்குலம் அங்குலமாக முன்னுக்கு நகர்த்தி வைத்தார். றோட்டோரம் வைத்துப் பூட்டுவோம் என்று சசிகரன் சொன்னபோது, "அந்த வெயிலுக்குள்ள ஏலாது, மாமர நிழலில பூட்டுவம்" என்று சாமானையெல்லாம் வளவுக்குள் எடுப்பித்தவரும் அவரே. இவ்வளவும் செய்தவர் கேற்றைப் பார்க்கவில்லையாம்!

பின்னேரம் சாட்டிக் கடற்கரையில் முதல் ஓட்டம். கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் சவாரிக்குச் சொல்லி வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தது. கட்டாரில் அவன் பட்டு உழைத்த காசெல்லாம் இந்த ஒரு ஜெட் ஸ்கீயில் நிற்கிறது. முதலில் வருகிறவர்களையே ஏமாற்றி அனுப்பினால் தொழில் உருப்பட்ட மாதிரித்தான்.

"இறக்கிக் கழட்டி, வெளியில வச்சுப் பூட்டுவமே?"

"இண்டைக்குப் பொழுது காணாது. இதைத் தூக்கி ஏத்திவிட்ட பொடியளும் போயிட்டாங்கள்."

"அப்ப என்ன செய்யிறது?"

அப்பா பக்கத்து வேலியைப் பார்த்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா ஐயாத்துரையின் வீடு. உழவு மெசின் போய்வர அகலமான இரட்டைக் கேற். ஆனால் எல்லை வேலியின் கதியால் மரங்களை ஒரு சாண் தள்ளி நட்டது யார் என்று தொடங்கிய சண்டையில், அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி வருடக்கணக்காகிவிட்டது. சசிகரனின் கலியாணத்துக்குக்கூடப் பெரியப்பா வரவில்லை. அந்த வீட்டுக் குசினியில் சோறு தின்று வளர்ந்தவன் அவன். வேலியைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு மனம் நோகும்.

"நீங்களே கேளுங்கோ அப்பா. உங்கட அண்ணைதானே."

"நான் எப்பிடியடா கேக்கிறது? நீ கேள்."

சசிகரன் வேலியடிக்குப் போய்த் தொண்டையைச் செருமினான். "பெரியப்பா..."

மேலே சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஐயாத்துரை கையில் கத்தியோடு நின்றார்.

"எவ்வளவுக்கு வெட்ட வேணும்?"

"பிக்கப் வாற அளவுக்குக் காணும், பெரியப்பா. பொழுதுபட முதல் திருப்பிக் கட்டித் தாறன்."

"கட்டுறதைப் பிறகு பாப்பம்."

கயிறுகள் அறுந்தன. ஓலை சாய்ந்தது. சண்டைக்குக் காரணமான கதியால்களும் ஒன்றிரண்டு வெட்டிலேயே விழுந்தன. சசிகரன் ஓடிப்போய் றோட்டில் நின்ற பிக்கப்பை எடுத்துவந்தான். பெரியப்பாவின் கேற் இரண்டு கதவும் திறந்து கிடந்தது. எந்நேரமும் அதற்குள் குறுக்கே நிற்கும் உழவு மெசினைக் காணவில்லை. நல்லகாலம் என்று நினைத்துக்கொண்டு, சண்டை பிடித்த அந்தச் சாண் நிலத்தின் மேலால் பின்னுக்கு எடுத்தான்.

தியாகலிங்கம் ட்ரெயிலரின் மூக்கை வேலிப் பக்கம் திருப்பி, அதன் கொழுக்கியைப் பிக்கப்பின் பின்னால் இருந்த இரும்புக் குண்டில் இறக்கிப் பூட்டினார். பிறகு சங்கிலிகளைக் கையில் எடுத்தார்.

"சங்கிலியைக் குறுக்கால மாறிப் போடு," என்றார் ஐயாத்துரை, மாமரத்தைப் பார்த்துக்கொண்டு. "கொழுக்கி கழண்டாலும் மூக்கு நிலத்தில குத்தாது."

"குறுக்காலதான் போடுறன், அண்ணை."

"போட்டால் சரி. சசிகரன், பிறேக்கை மிதி. பின்லைற் எரியுதோ பாப்பம்."

'அண்ணை' என்ற சொல்லைக் கேட்டதும் சசிகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறேக்கை மிதிக்க மறந்துபோய் ஏச்சு வாங்கினான்.

யாரும் கூப்பிடாமலே பெரியப்பா முன்சீற்றில் ஏறினார். "பாரம் இழுக்கேக்க மெல்லப் போக வேணும். பக்கத்தில சொல்ல ஆள் வேணும்." அப்பா பின்சீற்றில் இருந்து, திரும்பிப் பட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள்களெல்லாம் அவர்களை முந்திக்கொண்டு போயின.

கொஞ்சத் தூரம் போனதும், "நிப்பாட்டு, சில்லு நட்டு இளகியிருக்கோ பாக்க வேணும்," என்று அப்பா ஸ்பானரோடு இறங்கினார்.

அவர் குனிந்து இறுக்குவதைக் கண்ணாடியில் பார்த்துச் சசிகரன் சிரித்தான். "நட்டுக்கு நட்டுப் பாக்கிற மனுசன், கேற்றை அளக்க மட்டும் மறந்திட்டார், பெரியப்பா."

"ஆர் மறந்தது?" பெரியப்பா வெளியே பார்த்தபடி சொன்னார். "பூட்டத் தொடங்க முதல் விடியக்காலமை எழும்பி, சில்லு அச்சை ஒருக்கால், கேற்றை ஒருக்கால் அளவு நாடா பிடிச்சு அளந்தவன். நான் வேலிக்குள்ளால பாத்துக்கொண்டு நிண்டனான்."

சசிகரன் வாயைப் பிளந்தான். "அப்ப போகாதெண்டு உங்களுக்கும் தெரியுமே! ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் றோட்டில வச்சுப் பூட்டியிருப்பியளே. அதுதான் பேசாமல் உழவு மெசினைப் பின்வளவில கொண்டுபோய் விட்டிட்டு, கத்தியைத் தீட்டி வச்சுக்கொண்டு இருந்தனான்."